சவாரித் தம்பரும் அவரைப் படைத்த சுந்தரும்

எண்வகை மெய்ப்பாடுகளுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது நகை. அதற்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுவர். அவற்றுள்ளும் முதலிடம் பெறுவது எள்ளல். அவ்வெள்ளலை உரையாசிரியராகிய பேராசிரியர் இரு கூறாக்கிக் காட்டுவது நுட்பமானது. பிறரை நாம் எள்ளி நகுதல் ஒன்று. பிறர் நம்மை எள்ளியவிடத்து நாமே நகுதல் மற்றொன்று. முன்னையது எவர்க்கும் எளிது. அயலான் வழுக்கி விழக் கண்டாற் சிறு குழந்தையும் சிரிக்கும். பின்னையது அரிது, மனம் பக்குவம் எய்தியவர்க்கே அது கைகூடும். தனிமனிதர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு சமூகத்துக்கும் பொருந்தும். தன்னையே எள்ளும் சித்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதனைத் தன் வீட்டாருடன் கூடியிருந்து பார்த்து நகைக்கும் சமூகம், தன் குறையைத் தான் அறியத் தொடங்கிய சமூகமாகும்.

இலங்கைத் தமிழ் மக்கள் அவ்வாறு தம்மைத் தாமே நோக்கி நகைக்கப் பழகிய காலம் ஒன்றுண்டு. அப்பழக்கத்தை அவர்க்கு ஊட்டியவர்களுள் முன்னிற்பவர் சுந்தர் என்னும் பெயராற் சித்திரம் வரைந்த சி. சிவஞானசுந்தரம் ஆவர். கொழும்பிலே வெளியான 'தினகரன்' பத்திரிகையில் அவர் வரைந்த 'சவாரித் தம்பர்' என்னும் தொடர்சித்திரமும், பின்னர் அவரே ஆசிரியராயிருந்து நடாத்திய 'சிரித்திரன்' என்னும் நகைச்சுவை இதழும் அவர் பெயரை நிலைநிறுத்தின. அவருடைய வாழ்வையும் தொழிலையும், அவை பிறந்த கொழும்பு மாநகரச் சூழலையும் இப்பேச்சிலே சற்று நோக்குவோம்.

பத்திரிகைச் சித்திரங்களில் இரு வகை உண்டு. ஒன்று, அன்றைய அரசியற் செய்தியை ஒரே சட்டத்துள் அடக்கிக் கேலி செய்யும் அரசியற் கேலிச்சித்திரம். அது ஆள்வோரை நோக்கியது. மற்றொன்று, இரண்டு மூன்று கட்டங்களிலே ஒரு சிறு நிகழ்ச்சியை நடத்திக் காட்டும் தொடர்சித்திரம். அது வாசகனையே நோக்கியது. அரசியற் சித்திரத்திலே வரும் அமைச்சர் பதவி இழந்தவுடன் அச்சித்திரமும் பழையதாகிவிடும். தொடர்சித்திரத்திலே வரும் பாத்திரமோ பதவியற்றவன். நம் அயல்வீட்டில் இருப்பவன். ஆகவே அவனுக்கு ஓய்வு இல்லை. கிழமைதோறும் அவன் வந்து நம்மிடையே உலாவுவான். நாளடைவில் அவன் உயிருள்ள மனிதரிலும் பார்க்க நமக்கு நெருங்கியவனாகிவிடுவான்.

இக்கலை மேல்நாட்டிலே பத்திரிகை விற்பனைப் போட்டியின் பயனாய் வளர்ந்தது. 1895 இல் நியூயோர்க்கிலே 'வேர்ல்ட்' என்னும் பத்திரிகையில் ரிச்சர்ட் அவுட்கோல்ட் வரைந்த மஞ்சட் சட்டைச் சிறுவன் அந்நகரின் ஏழைச் சந்தொன்றிலே பிறந்த பாத்திரம். அப்பாத்திரத்தின் செல்வாக்கைக் கண்ட போட்டிப் பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்ட், மறு ஆண்டிலேயே அவ்வோவியரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 1907 இல் சான் பிரான்சிஸ்கோவிலே பட் பிஷர் என்பார் நாள்தோறும் வெளிவரும் தொடர்சித்திரத்துக்கு வழி வகுத்தார். இங்கிலாந்திலே டேவிட் லோ 1934 இற் படைத்த கேணல் பிளிம்ப், காலம் மாறியதை உணராத பழம்பெருமைக்காரரின் திருவுருவாய் ஆங்கில மொழியிலேயே ஒரு சொல்லாக நிலைத்துவிட்டார். பம்பாயிலே ஆர். கே. லக்ஷ்மண் 1951 இற் படைத்த, வாய் திறவாத 'சாதாரண மனிதர்' அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்திய வாசகரின் காலை விருந்தினராய் இருந்தார்.

தமிழுக்கும் இக்கலை புதியதன்று. 1906 இற் சென்னையிலே தொடங்கிய 'இந்தியா' வார இதழில் மகாகவி பாரதியார் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு வழிகாட்டினார். பின்னர் ஆனந்த விகடனிலே மாலி என்னும் மகாலிங்கம் கோடுகளாலே சிரிப்பூட்டினார். அவர் வழியிலே கோபுலு முதலியோர் வந்தனர். ஆயினும் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த சிரிப்பு, சென்னை மக்களுடைய சிரிப்பு. மயிலாப்பூர் வீட்டுத் திண்ணையும் அவ்வீட்டு மாமியும் யாழ்ப்பாணத்தானுக்குச் சுவையாயிருந்தனவேயன்றி, அவனுடையனவாய் இருக்கவில்லை. கண்ணாடி அழகாகவே இருந்தது. அதிலே தெரிந்த முகம் பிறர் முகம்.

இனிக் கொழும்புக்கு வருவோம். கொழும்பின் தமிழ்ப் பத்திரிகைகளிற் பழம்பெருமை வாய்ந்தவை இரண்டு. 1930 ஆகஸ்டில் சுப்பிரமணியம் செட்டியார் தோற்றுவித்த 'வீரகேசரி' கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவருவது. 1932 மார்ச்சில் தோன்றிய 'தினகரன்' டி. ஆர். விஜேவர்த்தனாவின் லேக் ஹவுஸ் நிறுவனத்துக்கு உரியது. பேரை வாவியின் கரையிலே ஆங்கில, சிங்களப் பத்திரிகைகளுக்குச் சகோதரப் பத்திரிகையாய் அது அச்சேறியது. ஒரே கூரையின் கீழ் மும்மொழிப் பத்திரிகைகள் உருவாகும்போது, ஒரு மொழியின் பத்திரிகைக் கலை மற்றொரு மொழியாரின் கண்ணிற் படாமற் போகாது.

ஆங்கிலப் பத்திரிகைகளிலே அக்காலத்துப் புகழ்பெற்ற சித்திரகாரர் ஓப்ரி கொலெட். றோயல் கல்லூரியிலே சித்திர ஆசிரியராயிருந்தவர். 1943 இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற் முதலியோருடன் '43 குழு' என்னும் ஓவியர் கூட்டத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அரசியல்வாதிகளின் மூக்கையும் முழியையும் அவர் வரைந்த திறத்தை அக்காலத்தவர் மறக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்றவர்களுள் டபிள்யூ. ஆர். விஜேசோமா தலைசிறந்தவர், அவருடைய 'புஞ்சி சிங்ஞோ' சாதாரண குடிமகனின் வடிவம். சிங்களத்திலே 1951 இல் 'லங்காதீப' பத்திரிகையில் ஜீ. எஸ். பெர்னாண்டோ வரைந்த 'நீலா' தொடர்சித்திரத்துக்குத் தொடக்கமாய் அமைந்தது. ஆங்கிலத்தார்க்கும் சிங்களத்தார்க்கும் தம் முகம் காட்டும் கண்ணாடி கிடைத்தது. தமிழர்க்கு அதனைத் தந்தவர் சுந்தர்.

1924 இல் வடமராட்சிப் பகுதியிலுள்ள கரவெட்டியிலே பிறந்தவர் அவர். கரவெட்டி நெல் வயலும் பனந்தோப்பும் பண்டிதர் கூட்டமும் நிறைந்த ஊர். உயர்கல்வியின் பொருட்டுப் பம்பாய் சென்றவர், அம்மாநகரத்திலே கேலிச்சித்திரத்தின் பக்கம் திரும்பினார். பத்திரிகைச் சித்திரக் கலை அந்நாளில் இந்தியாவிலே செழித்திருந்த இடங்களுள் பம்பாய் முதன்மையானது. பட்டமும் உத்தியோகமும் பெற்று வருவான் பிள்ளை என்று காத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர்க்கு, பிள்ளை சித்திரகாரனாகத் திரும்புவது எத்தகைய செய்தியென்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வைத்தியர், பொறியியலர், நியாயதுரந்தரர், அதற்கும் இயலாவிடின் அரசாங்க லிகிதர் என்று ஏணி வைத்து எண்ணிய சமூகத்திலே, சிரிப்பூட்டுவதைச் சீவியமாகக் கொள்ள ஒருவர் துணிந்தார். அத்துணிவே அவர் சரித்திரத்தின் முதல் அத்தியாயம்.

அவருடைய சித்திரங்களைக் காத்திருந்து பார்த்த வாசகர் யாவர்? இதனை அறியக் கொழும்பின் இரு பகுதிகளை அறிதல் வேண்டும். நகரின் தெற்கே, காலி வீதியை ஒட்டிக் கிடப்பது வெள்ளவத்தை. ஒரு காலத்தில் நெசவாலையாற் பெயர்பெற்ற இவ்விடம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடபுலத்துத் தமிழ் உத்தியோகத்தரின் குடியிருப்பாய் மாறியது. இராமகிருஷ்ண மிஷனும், சைவ மங்கையர் வித்தியாலயமும், 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அங்கே தமிழ் வாழ்வுக்கு நிலைகளாயின. நகரின் வடக்கே, துறைமுகத்தை அடுத்துக் கிடப்பது கொட்டாஞ்சேனை. புனித லூசியா பேராலயத்தின் மணியோசையும், கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலின் மணியோசையும் அங்கே கலந்து கேட்கும். வணிகர், துறைமுகத் தொழிலாளர், அச்சுக்கூடத் தொழிலாளர், கத்தோலிக்கர், சைவர், இந்தியாவிலிருந்து வந்தோர் என்று பல திறத்துத் தமிழர் நெருங்கி வாழ்ந்த இடம் அது.

வெள்ளவத்தையிலே அறை வாடகைக்கு எடுத்திருந்த ஓர் இளம் லிகிதரை எண்ணிப் பாருங்கள். காலையில் வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கந்தோருக்குப் பேருந்திலோ புகையிரதத்திலோ செல்வார். அங்கே பேசுவது ஆங்கிலம். மாலையில் அறைக்கு வந்து சாரம் உடுத்தவுடன் பேசுவது ஊர்த் தமிழ். சம்பளத்திற் பாதி ஊருக்குப் போகும். தங்கையின் சீதனத்துக்கு அதனைச் சேமிக்க வேண்டும். விடுமுறை வந்தால் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இடம் பிடிக்க வேண்டும். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பகற் பயணமும் எளிதாயிற்று. ஊருக்குப் போனால் அவர் 'கொழும்பார்'. கொழும்புக்கு வந்தால் 'யாழ்ப்பாணத்தார்'. அதே 1956 இல் தனிச் சிங்களம் அரச கரும மொழியாயிற்று. அவருடைய பதவியுயர்வு அம்மொழித் தேர்ச்சியிலே தங்கியது. 1958 இற் கலவரம் மூண்டபோது, கொழும்புத் தமிழர் பலர் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கினர். கலவரம் ஓய்ந்தபின் திரும்பி வந்து மீண்டும் அதே மேசையில் அமர்ந்தனர். இருதலைக் கொள்ளி எறும்பாய் வாழ்ந்த அம்மனிதர், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்தவுடன் தேடியது தம் ஊரை. அங்கே அவரை எதிர்கொண்டு நின்றவர் சவாரித் தம்பர்.

அப்பெயரே ஒரு சித்திரம். யாழ்ப்பாணத்தில் கந்தையா என்பவர் வயது முதிர்ந்தாற் கந்தராவர், முருகேசு முருகராவார், தம்பையாவும் தம்பிப்பிள்ளையும் தம்பராவார்கள். பெயர் குறுகக் குறுக மதிப்பு நீளும். சவாரி என்பதோ இரட்டை மாடு பூட்டிய சிறு வண்டிகளைத் திடலிலே போட்டிக்கு ஓட்டும் விளையாட்டு. மேனாட்டுப் பிரபுவுக்குப் பந்தயக் குதிரை எத்தகையதோ, யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குச் சவாரி மாடு அத்தகையது. தன் பிள்ளைக்கு வாங்காத பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வாங்குவான். வண்டி முந்தினால் ஊர் முந்தியதாகும். பிந்தினாற் பரம்பரையே பிந்தியதாகும். இவ்விரு சொல்லையும் ஒட்டிப் பெயர் சூட்டியவுடனே ஒரு முழுக் கிராமத்தின் வீம்பும் விளையாட்டும் வெகுளித்தனமும் ஒரு மனிதர்மேல் ஏறிவிட்டன. அவரைப் பார்த்து நகைத்த லிகிதர், தம் தந்தையையும் மாமனையும் பார்த்து நகைத்தார். சற்று உன்னிப்பாய் நோக்கியபோது, கழுத்துப்பட்டியின் கீழே தம்முள்ளும் ஒரு தம்பர் ஒளிந்திருக்கக் கண்டார். பேராசிரியர் கூறிய இரண்டாவது நகை அங்கே பிறந்தது.

சுந்தர் எள்ளியவை யாவை? சீதனப் பேரம், சாதிச் செருக்கு, போலி நாகரிகம், ஆங்கில மோகம், அயலான்மேற் பொறாமை ஆகியன அவர் தூரிகைக்கு அடிக்கடி இரையாயின. இவற்றை மேடையில் நின்று கண்டித்தால் கேட்போர் தலையசைப்பர்; வீட்டுக்குப் போய்ச் சீதனமும் கேட்பர். சித்திரமோ வாதம் செய்வதில்லை. நடப்பதை நடப்பவாறே வரைந்து, மூக்கை மட்டும் சற்று நீட்டிவிடும். சிரித்தவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டவனாகிறான். சிரித்தபின் மறுத்துரைக்க இயலாது. சீர்திருத்தக்காரர் பலர் கையாளாத இம்முறை, பத்துப் பிரசங்கங்களின் வேலையை ஓரங்குலச் சட்டத்தில் முடிப்பது.

இத்தொடர்சித்திரத்தின் பயன் அதனோடு நிற்கவில்லை. மொழி வரலாற்றிலும் அதற்கோர் இடமுண்டு. அந்நாளைய தமிழ்ப் பத்திரிகையின் நடை எழுத்து நடை. ஒருவர் 'வாறன்' என்று சொன்னாலும், அச்சிலே 'வருகிறேன்' என்றே அது திருந்தி வரும். அச்சுக் கோப்போரும் பிழை திருத்துவோரும் இலக்கண வேலியைக் காத்து நின்றனர். சித்திரத்திலோ நிலை வேறு. இந்திய மையினால் வரைந்த சித்திரத்தை ஒளிப்படம் பிடித்து, நாகத் தகட்டிலே பதித்து, அமிலத்தால் அரித்து அச்சுப் பாளமாக்குவது அக்காலத்து முறை. சித்திரத்தினுள்ளே ஓவியர் தம் கையால் எழுதும் சொல்லும் கோட்டோடு கோடாய்த் தகட்டில் ஏறிவிடும். அதனை எழுத்து எழுத்தாய்க் கோப்பாரும் இல்லை, திருத்துவாரும் இல்லை. ஆகவே 'ஓம்', 'எணை', 'உதென்ன காணும்' போன்ற ஊர்ச் சொற்கள் தங்குதடையின்றிப் பத்திரிகைப் பக்கத்துக்குள் நுழையத் தொடர்சித்திரம் ஒரு பின்கதவாயிற்று. பேசுபவன் படமும் பேசும் சொல்லும் ஒருங்கே நிற்கும்போது, அச்சொல்லைக் கொச்சையென்று தள்ளவும் வாசகனுக்கு மனம் வராது.

இது சிறு செய்தியன்று. 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்த க. கைலாசபதி, ஈழத்து எழுத்தாளர் தம் மண்ணையும் தம் மக்கள் பேச்சையும் எழுதுதல் வேண்டுமென வற்புறுத்தி அப்பத்திரிகையில் அவர்க்கு இடமளித்தார். அதனையடுத்து மரபுப் போராட்டம் என்னும் விவாதம் மூண்டது. பேச்சு மொழியில் எழுதுவது இழிசனர் வழக்கு என ஒரு சாராரும், மக்கள் மொழியை இழிந்ததென்பது மக்களையே இழித்தலாகும் என மறு சாராரும் வாதிட்டனர். பண்டிதரும் பேராசிரியரும் எழுத்தாளரும் அதிற் கலந்துகொண்டனர். அவ்வாதம் ஆழமானது, அதிலே இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் சித்திரம் பார்க்கும் சாதாரண வாசகன், விவாதம் முடியும்வரை காத்திராமல், தம்பரின் பேச்சை ஏற்றுக்கொண்டுவிட்டான்.

அதே வேளையில் வானொலியும் அப்பணியைச் செய்தது. இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதியிலே 'சானா' என்னும் சண்முகநாதன் 'இலண்டன் கந்தையா' முதலிய நாடகங்களாலே யாழ்ப்பாணப் பேச்சு மொழியை நாடெங்கும் ஒலிபரப்பினார். அவரும் சித்திரம் வரையத் தெரிந்தவரே. ஊர் மாந்தரை எழுத்தோவியமாக்கிய 'பரியாரி பரமர்' என்னும் நூல் அவருடையது. ஒருவர் காதுக்கும் ஒருவர் கண்ணுக்கும் ஊட்டிய விருந்து ஒன்றே: நம் பேச்சு, நம் மனிதர், நம் குறை.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமற் கூறல் வேண்டும். சவாரித் தம்பர் வெள்ளவத்தை லிகிதர்க்கு முற்றும் உரியவர். கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கு அவர் பாதியே உரியவர். துறைமுகத்திலே மூட்டை சுமந்தவனுக்கும், மலையகத் தோட்டத்திலிருந்து நகருக்கு வந்தவனுக்கும், மட்டக்களப்பானுக்கும் சவாரித் திடலின் புழுதி தெரியாது. 'எணை' என்னும் விளியும் அவர்கள் வீட்டு விளியன்று. சென்னை இதழ்கள் யாழ்ப்பாணத்தானுக்கு அயலாயிருந்தது போலவே, யாழ்ப்பாணச் சிரிப்பு ஏனைத் தமிழர்க்கு ஓரளவு அயலாயிருந்தது. கண்ணாடி எவ்வளவு தெளிவானதாயினும், அதன் முன் நிற்பவரையே காட்டும். அவ்வெல்லையை உணர்ந்து நோக்கினால், அவர் சாதனையின் அளவு குறையாது. நம் மதிப்பீடு நேர்மையுடையதாகும்.

பத்திரிகைச் சித்திரகாரர் பலர் வாழ்நாள் முழுதும் பிறர் பத்திரிகையின் மூலையிலே இடம் கேட்டு நிற்பர். சுந்தர் அவ்வாறு நிற்க விரும்பவில்லை. 1960களின் முற்பகுதியிலே கொழும்பிலிருந்து 'சிரித்திரன்' என்னும் தம் சொந்த இதழைத் தொடங்கினார். செய்யும் தொழிலைத் தெய்வமாகவும் சிரிப்பைச் சீவியமாகவும் கொள்வதே அவ்விதழின் குறிக்கோள். ஆனந்த விகடனும் கல்கியும் குமுதமும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய சந்தையிலே, ஈழத்து நகைச்சுவை இதழ் ஒன்று விலைபோகும் என்று எவர் நம்பியிருப்பர்? முதலும் சிறிது, விளம்பரமும் அரிது. அச்சுத் தாளின் விலை அவரை நோக்கி நகைத்திருக்கும். அவர் நகைத்துக்கொண்டே இதழை நடாத்தினார்.

சிரித்திரனின் பக்கங்களிலே பாத்திரங்கள் பெருகின. சவாரித் தம்பரோடு சின்னக்குட்டி வந்தார். மைனர் மச்சான் வந்தார். கொழும்பு வாழ்வின் போலி மினுக்கத்தைக் காட்டும் 'மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன்' வந்தனர். தாமோதரன் என்னும் பெயரைக் கவனியுங்கள். கண்ணன் இடையிலே தாம்பு கட்டப்பட்டவன் என்பது அதன் பொருள். அதே பெயர் ஆங்கில வாயிலே நுழைந்து டாமோடிரன் என வெளிவரும்போது, தாம்பும் அறுந்தது, கண்ணனும் மறைந்தான். தமிழைத் தமிழனே வெள்ளைக்காரனைப் போல உச்சரிக்கும் மடமையை விளக்க ஒரு கட்டுரை வேண்டாம்; அப்பெயர் ஒன்றே போதும். தம்பரைக் கண்டு நகைத்த அதே வெள்ளவத்தை வாசகர், டாமோடிரன் தம்பதியைக் கண்டபோது ஊர்க்காரரைக் காரணங்காட்டித் தப்ப இயலவில்லை. நகை ஊரிலிருந்து அவருடைய விறாந்தைக்கே வந்துவிட்டது.

'மகுடி' என்னும் புனைபெயரில் வாசகர் வினாவுக்கு அவர் அளித்த விடைகளும் பெரும்புகழ் பெற்றன. பாம்பைப் படமெடுக்கச் செய்வது மகுடி; வாசகனின் உள்ளத்தில் சுருண்டு கிடப்பதை வெளிக்கொணரும் அப்பகுதிக்கு அதனிற் பொருத்தமான பெயர் வேறில்லை. நகைச்சுவையோடு சிறுகதைக்கும் கவிதைக்கும் அவ்விதழ் இடந்தந்தது. புதியவர் பலர் அதிலே எழுதிப் பழகினர். 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து இதழ்களுக்கு ஒரு வாய்ப்புப் பிறந்தது. ஆனால் அதற்கு முன்னரே, போட்டியின் நடுவிலே, சிரித்திரன் காலூன்றிவிட்டது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அத்தசாப்தத்திலே இதழ் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்தது. தம்பரும் தம் ஊருக்குத் திரும்பினார்.

ஆயினும் திரும்பிய ஊர் பழைய ஊராய் இருக்கவில்லை. 1981 ஜூன் முதலாம் நாளுக்கு முந்திய இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. தினகரன் வாசித்த பல குடும்பங்கள் கப்பலேறின, பின்னர் விமானமேறின, கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இறங்கின. யுத்தம் பல்லாண்டு நீண்டது. அச்சுத் தாளும் மின்சாரமும் அரிதான நகரிலே ஒரு நகைச்சுவை இதழை நடாத்துவது எத்தகைய வேலை! இடையிடையே தடைப்பட்டும், மீண்டும் எழுந்தும், ஏறத்தாழ முப்பதாண்டுகள் சிரித்திரன் நிலைத்தது. 1996 இல் சுந்தர் மறைந்தார். தம் தொழில் வரலாற்றைத் தாமே கூறும் 'கார்ட்டூன் உலகில் நான்' என்னும் நூலை அவர் விட்டுச் சென்றார்.

ஒரு சித்திரகாரரின் படைப்பு எங்கே நிலைக்கிறது? புலவன் பாடலை மாணவர் மனனஞ் செய்வர். சிற்பியின் சிலை கோயிலில் நிற்கும். தொடர்சித்திரமோ மறுநாட் காலையிற் கடலை சுற்றும் தாளாகிறது. பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்த வீடுகள் சில. அவற்றுள்ளும் எரிந்தவை பல. கறையான் அரித்தவை பல. ஆகவே சவாரித் தம்பரைப் பற்றி முதியோர் நினைவிலே சிரிப்பாய் இருப்பது மிகுதி. தாளிலே கோடாய் இருப்பது குறைவு. 2005 இல் தோன்றிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் சிரித்திரன் இதழ்கள் பலவற்றைத் தேடிப் பிடித்து, எவரும் எங்கிருந்தும் காண வைத்திருப்பது நன்றிக்குரிய தொண்டு. ஆயினும் தினகரன் பக்கங்களில் வந்த தொடர்சித்திரங்களை முறையாய்த் தொகுத்து, ஆண்டும் நாளும் குறித்துப் பதிப்பிக்கும் பணியும் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலே பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று கிடக்குமாயின், அதனைக் கழிவுத்தாள் வாங்குவோனிடம் நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை அதன் தலைவர்களுடைய பேச்சுக்களிலிருந்து எழுதுவர் சிலர். சட்டங்களிலிருந்து எழுதுவர் சிலர். அச்சமூகம் எதனைக் கண்டு நகைத்தது என்பதிலிருந்தும் அதனை எழுதலாம். 1950களிலும் 1960களிலும் கொழும்பிலே வாழ்ந்த தமிழர், உத்தியோகமும் மொழியும் உயிரும் ஐயத்துக்குள்ளாகிய காலத்திலே, தம்மைக் கேலி செய்த ஒருவரைப் பகைவரென்று கருதவில்லை, விரும்பி வாசித்தனர். பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தாமே நகுதல் என்னும் அரிய பண்பு அவர்களிடம் இருந்தது. துயரம் வந்தபின் அப்பண்பு நம்மிடையே சற்று அருகிவிட்டதோ என்று ஐயுறுவோர் உளர். காயம்பட்டவனிடம் வேடிக்கை பேசுதல் எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் தன் குறையை நோக்கிச் சிரிக்க மறந்த சமூகம், பிறர் குறையை நோக்கி மட்டுமே சிரிக்கும். அதிலே கல்வியும் இல்லை, ஆறுதலும் இல்லை.

சவாரித் தம்பர் தம் வண்டியில் இன்னும் அமர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து நாம் நகைக்கத் தொடங்கினால், அவரும் நம்மைப் பார்த்து நகைப்பார்.